அத்தானின் வாள் மெசினுக்கு இரண்டு மூடிகள்

அரிப்பு, மன்னார்
12.01.2025

அன்புள்ள தம்பி கொலின்ஸ்,

நோர்வேக் குளிரில் நீயும் றஞ்சிதாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பூசைக்குப் போகும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் முழங்கால் நோ எப்படி? இங்கே நானும் அத்தானும் சுகம்.

நீ கப்பலில் போட்ட பெட்டி வந்து சேர்ந்தது. உடுப்பு, சொக்கிலேற் எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, அத்தான் அந்த மரம் அரியும் மெசினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கார்த்திகைக் காற்றில் வள்ளம் உடைந்த நாளிலிருந்து சிரிக்காத மனிதர், அன்றைக்குத்தான் சிரித்தார். "இஞ்சேர் ரீச்சர், இனி இதுதான் எங்கடை வள்ளம்" என்றார். அவர் சொன்னபடியே நடக்கிறது. அந்தக் காற்றில் விழுந்த மரங்கள் இன்னும் ஊர் முழுக்கக் கிடக்கின்றன. காலையில் வாசலில் யாராவது வந்து "சிங்கராசா அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்காத நாள் இல்லை.

ஒரு சின்ன விஷயம். மெசினை வைக்கும் இடத்தில் காலையில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. சங்கிலிக்கு விடும் எண்ணெய்த் தாங்கியின் மூடி சரியாகப் பிடிக்கவில்லைப் போல் தெரிகிறது. கீழே சாக்கு விரித்தேன், அதுவும் ஊறிவிட்டது.

இதை ஏன் ரெலிபோனில் சொல்லவில்லை என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். அதை அவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். நீ அழைப்பு எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கரில் போட்டு அவரே கதைப்பார். "அவன் அன்பா அனுப்பினதை நொட்டை சொல்லாதையும்" என்று எனக்குக் கட்டளையும் போட்டிருக்கிறார். ஆகையால் எழுதுகிறேன். நீ பதில் போடும்போது எங்கள் உபதபாற்கந்தோரில் இருக்கும் ஜெசிக்காவின் பெயருக்குப் போடு. என்னிடம் படித்த பிள்ளை. கவனமாக என் கையில் தருவாள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா
செலீனா


பேர்கன்
03.02.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் குளிருக்கு முறுகுகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடும். உங்கள் பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கள்.

எண்ணெய் கசிவதைப் பற்றி யோசிக்காதீர்கள். இந்த வகை மெசின் எல்லாவற்றிலும் கொஞ்சம் எண்ணெய் வியர்க்கும். மூடியின் மேல் ஒரு சின்னக் காது மடிந்திருக்கும். அதை நிமிர்த்தி, மூடியை அமத்தி, கால் சுற்று திருப்பி, திரும்பவும் மடிக்க வேண்டும். மூடியிலும் தாங்கியிலும் அடையாளக் கோடு இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். பெற்றோல் மூடியும் அதே மாதிரித்தான்.

அத்தான் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறார்? பெற்றோல் பக்கம் ஒன்றும் கசியவில்லைத்தானே?

அவசரமாக எழுதுகிறேன். கடைக்கு நேரமாகிவிட்டது.

அன்புத் தம்பி
கொலின்ஸ்


அரிப்பு
24.02.2025

அன்புள்ள தம்பி,

கடவுள் உங்கள் எல்லோரையும் காப்பாராக. எனக்குக் குளிசையும் ஒழுங்கு, பிரஷரும் ஒழுங்கு. நித்திரைதான் ஒழுங்கில்லை.

பெற்றோல் பக்கமும் கசிகிறது என்று நான் எழுதவே இல்லை. நீயாகக் கேட்டிருந்தாய். நீ கேட்டபிறகுதான் அவருடைய களிசானைத் துவைக்கும்போது மணந்து பார்த்தேன். வலது தொடைப் பக்கம் பெற்றோல் மணம்.

அவர் கடைக்குப் போன நேரம் நான் மெசினை முற்றத்துக்குத் தூக்கி வந்தேன். நீ எழுதியபடி பெற்றோல் மூடியின் காதை நிமிர்த்தி, அமத்தி, திருப்பி, மடித்து, கோடுகளையும் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு மெசினைச் சரித்தேன். இப்படி ஐந்து தடவை. மூன்று தடவை ஒரு சொட்டும் இல்லை. இரண்டு தடவை சீமெந்து நிலம் நனைந்தது. ஐந்து தடவையும் கோடு நேராகத்தான் இருந்தது, தம்பி.

வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்கள். விளங்கினதோ என்று கேட்டால் எல்லோருக்கும் முதல் "ஓம் ரீச்சர்" என்பார்கள். கொப்பியைத் திறந்தால் வெறும் தாள். அந்தப் பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை, பயம்தான் வரும். தெரியாது என்கிற பிள்ளைக்கு இன்னொரு தரம் சொல்லிக் கொடுக்கலாம். ஓம் என்கிற பிள்ளையை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோமே. இந்த மூடியும் "டிக்" என்று சத்தம் போட்டு, பூட்டிவிட்டேன் என்கிறது.

அத்தானிடம் சொன்னேன். "உமக்குப் பூட்டத் தெரியேல்லை. முப்பது வருசம் கடலிலை எஞ்சினோடை கிடந்தவனுக்குத் தெரியாததோ?" என்றார். அவர் பீடி குடிப்பது உனக்குத் தெரியும். நான் நெருப்புப் பெட்டியை ஒளித்து வைக்கிறேன். அவர் புதிது வாங்குகிறார். மெசின் சத்தம் கேட்கும் தூரத்தில் அவர் வேலை செய்தால், அந்தச் சத்தம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடிப் புகை தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

நீ கருவிகள் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறவன். இந்த மூடியைப் பற்றி உனக்குத் தெரியாமல் இருக்காது. வேறு மூடி இருக்கிறதா? பிழை கையிலா, மூடியிலா? எழுது.

அக்கா
செலீனா


அரிப்பு
18.03.2025

அன்புள்ள தம்பி,

நலமாயிருப்பாய் என்று தெரியும். நேற்று முன்தினம்தான் உன் குரலைக் கேட்டேன்.

உனக்கு என் கடிதம் வரவில்லையோ என்று நினைத்திருந்தேன். ஆனால் நீ "அக்கா, உங்கடையெல்லாம் கிடைச்சுது" என்றாய். அத்தானோடு இருபது நிமிடம் கதைத்தாய். பனி எத்தனை அடி, பாரை மீன் என்ன விலை, புது வள்ளத்துக்கு மானியம் கிடைக்குமா, எல்லாம் வந்தது. அவரே "மச்சான், உம்முடைய மெசின் சிங்கக்குட்டி" என்று கதையை எடுத்துத் தந்தார். நீ சிரித்தாய். நான் கதிரையின் பின்னால் நின்று உன் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். நீ "சரி அத்தான், வைக்கிறன்" என்றாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஸ்பீக்கரில் எல்லோரும் இருக்கும்போது சொல்லக் கஷ்டமாக இருந்திருக்கும். எழுதுவது கஷ்டமில்லையே.

போன கிழமை கீரிக் கிராமத்தில் ஒரு வேம்பு அரியப் போனார். திரும்பி வரும்போது களிசான் தொடையில் பெரிய ஈரம். "வியர்வை" என்றார். வியர்வை மணம் எனக்குத் தெரியாதா?

அக்கா
செலீனா


பேர்கன்
02.04.2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே இன்னும் பனி. கடையில் ஆள் இல்லை. இரண்டு பேரின் வேலையை ஒருவனாகச் செய்கிறேன். அதனால்தான் பதில் பிந்தியது.

புது மூடிகள் இரண்டு சொல்லியிருக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன். அதுவரைக்கும் அத்தானை மெசினைக் கொஞ்சமாகப் பாவிக்கச் சொல்லுங்கள். பெற்றோல் நிரப்பிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்ராட் செய்யச் சொல்லுங்கள். நிரப்ப முதல் எஞ்சினை ஆறவிடட்டும்.

இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் கோபிப்பார். அடுத்த தடவை எடுக்கும்போது நானே சொல்கிறேன்.

கோபிக்காதீர்கள் அக்கா.

கொலின்ஸ்


மன்னார்
28.04.2025

தம்பி கொலின்ஸ்,

உன் சுகத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். இதை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, அத்தான் உயிரோடு இருக்கிறார்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நானே சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் வாயை மூடிக்கொண்டு உன் ரெலிபோனுக்குக் காத்திருந்தேன். வியாழக்கிழமை நெருப்புப் பிடித்தது.

முசலியில் யோகராசா என்று ஒரு கமக்காரர். அவருடைய வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலுக்குக் குறுக்கே பெரிய மருதமரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. சிறுபோகத்துக்கு விதைக்கிறார்கள், தண்ணீர் போக வழி வேண்டும். அத்தான் பாதி மரத்தை அரிந்துவிட்டு, பெற்றோல் நிரப்பி, மெசினைத் தொடைக்குள் இடுக்கிக் கயிற்றை இழுத்திருக்கிறார். எஞ்சின் சூடு ஆறவில்லை. தொடையில் சிந்திய பெற்றோல் ஒரு இழுவையில் பற்றிவிட்டது. யோகராசாவின் மனைவி மனோன்மணி வாய்க்காலில் ஊறப் போட்டிருந்த நெல்லுச் சாக்கை இழுத்து, அதோடு அவர் மேல் விழுந்தாவாம். அந்த மனுசி இல்லையென்றால் இன்றைக்கு நான் உனக்கு வேறு கடிதம் எழுதியிருப்பேன்.

வலது தொடையும் வயிற்றின் கீழ்ப்பக்கமும். மருந்து கட்டும்போது அவர் கத்துவதில்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு என்னை வெளியே போகச் சொல்கிறார்.

நேற்று அவராகவே என்னிடம் ஒன்று சொன்னார். எங்கள் ஆட்கள் வள்ளத்தில் கொண்டுபோகும் பெற்றோல் தாங்கியின் மூடியில் ஒரு சின்ன ஆணி இருக்குமே, உனக்கு ஞாபகமிருக்கும். கடலில் போகும்போது அதைத் தளர்த்தி விடாவிட்டால் காற்றுப் போகாமல் எஞ்சின் நின்றுவிடும். இந்த மெசினும் இடைக்கிடை நின்றதாம். "டாங்கிக்கு மூச்சு விட இடமில்லை எண்டு நினைச்சன் செலீனா. மூடியை ஒரு சொட்டு இளக்கி விட்டுத்தான் அரிஞ்சனான். என்ரை பிழை" என்றார். கடல் வேலைப் புத்தியைக் காட்டு வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். "கொலின்ஸுக்கு இதைச் சொல்லிப் போடாதையும். தான் அனுப்பின மெசினாலை எண்டு அவன் உடைஞ்சு போவான்." நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வெளியே வந்து எழுதுகிறேன்.

அக்கா


அரிப்பு
12.05.2025

தம்பி கொலின்ஸ்,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும். அத்தானைச் சனிக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். கோலூன்றி நாலு அடி நடக்கிறார்.

இந்தக் கடிதத்தை ஜெசிக்கா தன் போனில் படமெடுத்து உன் வட்ஸப்புக்கு அனுப்புகிறாள். என் கடிதத்தை இன்னொருவர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் இனிக் கிழமைக்கணக்கில் காத்திருக்க முடியாது.

யோகராசாவின் மகன் பிரணவன் நேற்று அத்தானைப் பார்க்க வந்தான். மரத்தின் மற்றப் பாதி இன்னும் வாய்க்காலில் கிடக்கிறது. பயிர் வாடுகிறது என்றான். "கூலிக்கு மெசின் ஒண்டும் கிடைக்கேல்லை ஐயா" என்றான். தன் உயிரைக் காப்பாற்றிய வீட்டுப் பிள்ளை. அத்தான் எப்படி இல்லையென்பார்? உள்ளே கிடந்த மெசினைக் கொடுத்தார். வெளிப்புறம் கருகியதைத் தவிர அது ஓடுகிறது.

நான் வாசல்வரை ஓடினேன். "தம்பி, அந்த மூடி சரியில்லை" என்றேன். அவன் மரியாதையான பிள்ளை. சிரித்தான். "ஐயா சொன்னவர் ரீச்சர், இறுக்கிப் பூட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லையாம். நான் இறுக்கிப் பூட்டுவன்." அத்தான் உள்ளே இருந்து, "பிழை மெசினிலை இல்லை, என்னிலை. ரீச்சர் பாடம் எடுக்கத் தொடங்கினால் மணி அடிச்சாலும் விடமாட்டா, நீ போ தம்பி" என்றார். அவன் கொண்டுபோய்விட்டான். அவனுடைய மனைவி டிலக்சனாவுக்கு ஏழு மாதம்.

இறுக்கிப் பூட்டினாலும் ஐந்தில் இரண்டு தடவை கசியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் மெசின் வேலை தெரியாத பொம்பிளை. என் சொல் அங்கே எடுபடாது. உன் சொல் எடுபடும். ஆகையால் ரெலிபோன் எடுக்காதே. எடுத்தால் நீ மீன் விலை கேட்பாய். உன் கையால் எழுதி அனுப்பு. உன் கையெழுத்து அத்தானுக்குத் தெரியும்.

மூடி பிழையா, இல்லையா? ஓம் அல்லது இல்லை. அவ்வளவுதான்.

அக்கா


அரிப்பு
14.05.2025, காலை

தம்பி,

சுகம் விசாரிக்க நேரமில்லை.

படத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள் நீலமாகிவிட்டன என்று ஜெசிக்கா காட்டினாள். அப்படியென்றால் நீ வாசித்துவிட்டாயாம். திங்கள் பின்னேரமே நீலமாம். செவ்வாய் முழுவதும் தபாற்கந்தோர் வாங்கில் இருந்தேன். முத்திரை வாங்க வருகிறவர்கள், "என்ன ரீச்சர், வேலைக்குச் சேர்ந்திட்டியளோ?" என்று கேட்கிறார்கள்.

பிரணவன் இன்றைக்குக் கிளைகளைக் கழித்துவிட்டு, நாளைக்கு அடிமரத்தை அரியப் போகிறானாம்.

செ.


பேர்கன்
14.05.2025

அக்கா,

ஓம். மூடி பிழை.

ஆஸ்பத்திரியில் இருந்து நீங்கள் எழுதிய கடிதமும் ஜெசிக்கா அனுப்பிய படமும் ஒரே நாளில் வந்தன. இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். இதை றஞ்சிதா படமெடுத்து அனுப்புகிறாள். அவளுக்கும் இன்றைக்குத்தான் சொன்னேன்.

அந்த மெசின் புதியதில்லை. எங்கள் கடையில் வாடகைக்குக் கொண்டுபோன ஒருவர், பெற்றோல் மூடி பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். வெளியே கொடுக்கக் கூடாது என்று சிவப்பு அட்டை கட்டி மூலையில் வைத்திருந்தோம். கழிக்கப் போகிறார்கள் என்றதும் கேட்டு வாங்கினேன். எஞ்சின் நல்லது, இரண்டு புது மூடி போட்டால் பத்து வருடம் ஓடும். மூடி வாங்கத்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை கப்பல் பெட்டி பூட்டுகிறார்கள் என்றார்கள். அத்தானின் வள்ளம் போய் மூன்று கிழமை. அட்டையை அறுத்துவிட்டு மெசினைப் பெட்டிக்குள் வைத்தேன்.

மூடியின் உள்பக்கத் துண்டு தேய்ந்திருக்கிறது. மேல் துண்டு மட்டும் திரும்பிக் கோட்டுக்கு நேரே வந்து நிற்கும். உள்ளே பூட்டியிராது. எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பிரணவனிடம் இதைச் சொல்லுங்கள். மெசினைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பங்குனியில் உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் எடுத்தேன். அத்தான் "சிங்கக்குட்டி" என்றார். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. கழித்துப் போட்ட சாமானை அனுப்பினேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தேன். அந்தப் பயத்தைத் தவிர அந்த நேரம் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. புது மூடிகள் வந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவை வரப் பிந்தின.

அத்தானிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கொலின்ஸ்


அரிப்பு
09.06.2025

அன்புள்ள தம்பி,

நீ சுகமா? றஞ்சிதா சுகமா? இந்தத் தடவை உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்கிறேன். நாங்கள் சுகம். அத்தானின் புண் ஆறி வருகிறது. தோல் இழுத்துப் பிடிப்பதால் முழங்காலை மடக்க முடியவில்லை.

உன் கடிதம் பதினைந்தாம் திகதி காலை ஜெசிக்காவின் போனில் வந்தது. அவளுடைய போனையே வாங்கிக்கொண்டு, ஓட்டோ பிடித்து முசலிக்குப் போனேன். வரம்பில் இறங்கும்போதே மெசின் சத்தம் கேட்டது. பிரணவன் எனக்கு முதுகு காட்டி அடிமரத்தை அரிந்துகொண்டு நின்றான். கூப்பிட்டேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை, தம்பி. கல்லெடுத்து எறியலாம் என்று குனிந்தேன். திடுக்கிட்டு மெசினைச் சரித்துவிடுவானோ என்று விட்டுவிட்டேன். சேற்றில் இறங்கிச் சுற்றிப் போய் அவன் கண்ணுக்கு முன்னால் நின்றேன். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது.

அவன் மெசினை நிறுத்தினான். வலது தொடையில் களிசான் கறுப்பாக நனைந்திருந்தது.

"அது வாய்க்கால் தண்ணி ரீச்சர்" என்றான்.

"தொட்டு மணந்து பார்" என்றேன்.

மணந்தான். முகம் மாறியது. மெசினை மரத்தின் மேல் வைத்துவிட்டு, அப்படியே நடந்து வாய்க்காலுக்குள் இடுப்பளவில் போய் நின்றான். அழைத்தும் வரவில்லை. மனோன்மணி வந்து கையைப் பிடித்துக் கரைக்கு ஏற்றினா. மீதி மரத்தைத் தகப்பனும் மகனும் கோடரியால் மூன்று நாளில் வெட்டி முடித்தார்கள். பயிர் பாதிதான் தப்பியது. பிள்ளை தப்பினான்.

அன்று பின்னேரம் உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நல்லது.

"மூடி பிழையெண்டு சொன்னால் நான் அவனை என்ன செய்திருப்பன், செலீனா?" என்றார். "என்னத்துக்குப் பயந்தவன்?"

நான் ஜெசிக்காவின் போனை மேசையில் வைத்தேன்.

"நான் செத்தாலும் பரவாயில்லை, எனக்குத் தெரியக் கூடாது எண்டல்லோ இருந்திருக்கிறான்."

அதற்குப் பிறகு இன்றுவரை உன் பெயரை அவர் எடுக்கவில்லை. நீ அனுப்பிய புது மூடிகள் வந்தன. பொதியைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். மெசினை நான் பெற்றோல் வடித்துப் பின்னறையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு அழைப்பு எடுக்கிறாய். நான் எடுத்துக் கதைக்கலாம். கதைக்கவில்லை, ஏனென்றால் அது எனக்கு வரும் அழைப்பு இல்லை. அவர் எடுப்பதில்லை. ஆனால் போனை நிறுத்தவும் விடுவதில்லை. நேற்று நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கோலை ஊன்றிக்கொண்டு போய்ப் போனைத் தானே எடுத்து வந்து தன் கதிரைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். அடித்தது. உன் பெயர் எழும்பி எழும்பி விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் கையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மன்னித்துவிட்டாரா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. நான் மன்னித்தேனா என்றும் கேட்காதே.

அழைப்பு எடுப்பதை மட்டும் விட்டுவிடாதே. ஒரு ஞாயிறு நாலு மணிக்கு அந்தப் போன் அடிக்காமல் போனால், கதிரையில் இருக்கும் அந்த மனிதரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் இப்போது என் பயம்.

உன் அக்கா
செலீனா